ஜப்பானிலும் ஒரு ஏற்காடு

சேலம் அடிவாரத்தைத் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போதே பின்சீட்டிலிருந்து கேள்வி வந்துவிடும்: “அம்மா, எப்ப சாப்பிடலாம்?” இன்னும் 19 வளைவுகள் பாக்கி. அம்மாவின் கையில் முகர்ந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழம். காலடியில் புளியோதரைத் தூக்கு, தயிர்சாதம், வாழையிலையில் மடித்த உருளைக்கிழங்கு வறுவல். ஏரிக்கரை வரும்வரை பொறுக்க வேண்டும். அங்கே கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு, படகில் ஒரு சுற்று சுற்றி, பனி இறங்கும் நேரத்தில் ஆளுக்கொரு தட்டு மிளகாய் பஜ்ஜி. ஏற்காடு என்றதும் பல குடும்பங்களின் நாக்கில் முதலில் எழும் நினைவு இதுதான்.

இப்படி மலையேறிய குடும்பங்களில் பல இப்போது ஜப்பானுக்கும் விமானம் ஏறுகின்றன. 2019இல் ஜப்பான் சென்ற இந்தியர்கள் ஏறத்தாழ 1,76,000 பேர். 2024இல் அது 2,33,000 ஆனது. அந்த ஆண்டு ஏப்ரலில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு இ-விசா வந்தது. யென்னின் மதிப்பும் நன்றாக இறங்கியிருந்தது. ஐரோப்பாவுக்குப் போட்டிருந்த கணக்கைப் பலர் டோக்கியோ பக்கம் திருப்பினார்கள்.

டிக்கெட் போட்டாயிற்று. அடுத்த கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “அங்கே சாப்பாட்டுக்கு என்ன பண்றது?”

பச்சை மீன், பன்றி எலும்புச் சாறு, பெயர் தெரியாத கடல் உயிர்கள் என்று வீடியோக்களில் பார்த்தவை எல்லாம் சேர்ந்து ஒரு பயத்தைக் கிளப்பிவிடுகின்றன. பெட்டியில் சின்ன குக்கர் ஏறுகிறது. தொக்கு, பருப்புப்பொடி, ரெடிமேட் உப்புமா ஏறுகின்றன. தினமும் இந்தியச் சாப்பாடு நிச்சயம் என்பதையே பெரிய எழுத்தில் போட்டு விளம்பரம் செய்யும் சுற்றுலா நிறுவனங்களும் உண்டு. பத்து நாள் ஜப்பானில் இருந்துவிட்டு, பத்து நாளும் பன்னீர் பட்டர் மசாலா சாப்பிட்டுத் திரும்புவதில் என்ன இருக்கிறது? அந்த ஊர்க் காற்றைச் சுவாசித்துவிட்டு அந்த ஊர்ச் சோற்றை விட்டுவிட்டு வருவது பெரிய இழப்பு.

இந்தப் பயம் கடலோர ஜப்பானை மட்டும் பார்த்ததால் வருவது. அந்த நாட்டின் நிலத்தில் நாலில் மூன்று பங்கு மலைப்பாங்கானது. கடலிலிருந்து விலகி மலை ஏறினால் தட்டில் வருபவை வேறு: கிழங்கு, சிறுதானியம், காளான், மூங்கில் குருத்து, ஊறவைத்த காய்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை அறிந்த ஒரு குடும்பத்துக்கு அவற்றில் பாதி சொந்தக்காரர்களாகவே தெரியும்.

மலையடிவாரத்து மண்சட்டி

டோக்கியோவிலிருந்து வடமேற்கே ஷிங்கான்சென் ரயிலில் ஒரு மணி நேரம் போனால் கருயிசாவா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர். டொரண்டோவில் பிறந்த அலெக்சாண்டர் கிராஃப்ட் ஷா என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் 1886இல் அங்கே போனார். டோக்கியோவின் புழுக்கத்திலிருந்து தப்பி வந்தவருக்கு அந்தக் குளிர் பிடித்துப்போய், 1888இல் கோடை வீடு கட்டிக்கொண்டார். அவர் பின்னால் மற்ற மிஷனரிகள், தூதரகக்காரர்கள், பிறகு ஜப்பானியப் பணக்காரர்கள் வந்தார்கள். ரொட்டியும் ஜாமும் காபியும் அந்த ஊரின் அடையாளமாயின.

ஏற்காட்டின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இந்த மலையில் காபிச் செடியை ஊன்றினார். தோட்டக்காரர்கள் வந்தார்கள், மிஷனரிகள் வந்தார்கள், 1894இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917இல் மாண்ட்ஃபோர்ட் பள்ளி. 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு, 1,000 மீட்டரில் கருயிசாவா. அக்கா தங்கை என்று சொல்லிவிடலாம். காபியிலும் இருவருக்கும் நிதானம் உண்டு. பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கக் காத்திருந்து பழகியவருக்கு, ஜப்பானிய காபிக்கடைக்காரர் கெண்டியின் நீண்ட மூக்கிலிருந்து மெல்லிய நூலாக வெந்நீர் ஊற்றுவதைப் பார்க்கும்போது எந்த விளக்கமும் தேவைப்படாது. 

கருயிசாவா மலைக்கு ரயில் ஏறிய கதை சாப்பாட்டோடு சேர்ந்தது. அடிவாரத்தில் யொகொகாவா நிலையம். அங்கிருந்து உசுயி கணவாய். 15 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் செங்குத்து. 1893இல் அங்கே பல்சக்கரப் பாதை போட்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் ஓடத் தொடங்கிய ரயிலில் இருக்கிறதே, அதே ஆப்ட் முறை. பின்னாளில் பல்சக்கரம் போய், கூடுதல் எஞ்சின்கள் வந்தன. எதுவானாலும் மலையேறும் முன் எல்லா ரயிலும் யொகொகாவாவில் நின்றாக வேண்டியிருந்தது. பயணிகள் ஜன்னல் வழியே பெட்டிச்சோறு வாங்குவார்கள். அது ஆறிப்போயிருக்கும்.

அங்கே ஒகினொயா என்ற கடையை நடத்திவந்த தகமிசாவா மினேஜி என்ற பெண், ரயிலில் வந்தவர்களிடமே போய் என்ன வேண்டும் என்று கேட்டார். சூடான சோறு வேண்டும், வீட்டுச் சாப்பாடு போல இருக்க வேண்டும் என்றார்கள். 1958 பிப்ரவரியில் அவர் விற்கத் தொடங்கியதுதான் ‘தோகே நோ கமமேஷி’, அதாவது கணவாய்ச் சட்டிச்சோறு. மஷிகோ ஊர்க் குயவர்கள் வனைந்த கெட்டி மண்சட்டி சூட்டைப் பிடித்துவைத்தது. உள்ளே சோயா சாற்றில் வெந்த சோறு. மேலே கோழி, மூங்கில் குருத்து, காளான், காடை முட்டை, கஷ்கொட்டை, ஓர் இனிப்பு ஆப்ரிகாட். அன்று விலை 120 யென். 1997இல் ஷிங்கான்சென் வந்து பழைய கணவாய்ப் பாதை மூடப்பட்டது. சட்டிச்சோறு மட்டும் நிற்கவில்லை. இன்றும் மலையேறும் குடும்பங்கள் அதை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகின்றன.

சாதாரண ரயில்நிலையப் பெட்டிச்சோற்றுக்கு ‘எகிபென்’ என்று பெயர். உத்சுனொமியா நிலையத்தில் 1885இல் விற்ற சோற்றுருண்டைதான் அதன் தொடக்கம் என்பார்கள். ‘ஒனிகிரி’ என்ற அந்த உருண்டைக்குள் பெரும்பாலும் உப்பில் ஊறிய உமே காய் இருக்கும். புளிப்பும் உப்பும் சோறு கெடாமல் காக்கும். புளியோதரையும் ஊறுகாய் வைத்த தயிர்சாதமும் எந்த அறிவில் பிறந்தனவோ, அதே அறிவு. இன்று ஜப்பானின் எந்த மூலையிலும், நள்ளிரவிலும், செவன்-இலெவன் கடையில் ஒனிகிரி கிடைக்கிறது. குழந்தை பசி என்று அழும் நேரத்தில் இதைவிடப் பெரிய துணை அந்த நாட்டில் இல்லை. உமே ஒனிகிரியும் உப்பு மட்டும் போட்ட ஒனிகிரியும் சைவர்களுக்கு ஓரளவு நிம்மதி.

சேனையின் தங்கை, வள்ளியின் அக்கா

யொகொகாவா இருக்கும் குன்மா மாநிலத்தின் பெரும்பகுதி மலை. ஜப்பானில் விளையும் ‘கொன்யாக்கு’ கிழங்கில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இங்கேதான். சாம்பல் நிறத்தில், புள்ளி புள்ளியாக, ரப்பர் போல ஆடும் ஒரு துண்டைத் தட்டில் வைத்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அது என்ன என்று தெரிந்தால் சுளிப்பு போய்விடும். நம் சேனைக்கிழங்கின் உடன்பிறப்பு அது. அமார்ஃபோபாலஸ் என்ற ஒரே தாவரக் குடும்பக் கிளை. அதே குடை போன்ற ஒற்றை இலை, அதே நமைச்சல்.

நமைச்சலுக்கு இருவரும் கண்ட வழிதான் வேறு. தமிழ் வீட்டில் புளித்தண்ணீரில் வேகவைப்பார்கள். ஜப்பானியர்கள் கிழங்கை மாவாக்கி, சுண்ணாம்பு நீர் சேர்த்துக் கட்டியாக உறையவைப்பார்கள். முன்பு சாம்பல் கரைத்த நீர். மூன்று ஆண்டு மண்ணில் கிடந்து வளரும் கிழங்கு இப்படி ஊட்டம் குறைந்த, வயிறு நிறைக்கும் பண்டமாகிறது. குச்சியில் குத்தி, மிசோ என்ற சோயா விழுதை இனிப்பாக்கித் தடவித் தருவார்கள். குழந்தைகள் முதல் கடியில் சந்தேகப்படுவார்கள். மூன்றாவது கடியில் இன்னொன்று கேட்பார்கள்.

சேப்பங்கிழங்குக்கு அங்கே ‘சதோஇமோ’ என்று பெயர். யமகதா பக்கம் இலையுதிர் காலம் வந்தால் குடும்பம், நண்பர்கள், அலுவலகம் என்று கூட்டம் கூட்டமாக ஆற்றங்கரைக்குப் போய், கல் அடுக்கி அடுப்பு மூட்டி, சேப்பங்கிழங்கைப் பெரிய அண்டாவில் கொதிக்கவிடுவார்கள். ‘இமோனி’ என்பது அதன் பெயர். யமகதாவில் சோயாவும் மாட்டிறைச்சியும். பக்கத்து சென்டாயில் மிசோவும் பன்றியும். எது சரியான இமோனி என்பதில் இரண்டு ஊருக்கும் ஓயாத வழக்கு உண்டு. யமகதாவில் செப்டம்பரில் நடக்கும் திருவிழாவில் 6.5 மீட்டர் அகல அண்டா வைத்து, மண் அள்ளும் இயந்திரத்தின் கையால் குழம்பை அள்ளி ஊற்றுகிறார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த எந்தச் சிறுவனும் கிழங்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டான்.

இனி வள்ளிக்கிழங்கு. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் காட்டில் தோண்டி எடுத்துச் சுட்டும் வேகவைத்தும் சாப்பிட்டுவந்த கிழங்கு. (இவர்கள் கேரளத்துக்காரர்கள் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர்.) தினைப்புனம் காத்த வள்ளிக்கே அந்தக் கிழங்குக் குழியிலிருந்துதான் பெயர் வந்தது என்று தமிழ்க் கதை சொல்கிறது. ஜப்பானிய மலைகளில் அதன் இனத்தான் ‘ஜினென்ஜோ’. அதைப் பச்சையாகவே துருவி, வழுவழுவென்று நூல் இழுக்கும் குழம்பாக்கி, பார்லி கலந்த சோற்றில் ஊற்றினால் ‘தொரொரோ’.

இதுவும் வழிப்போக்கர் உணவுதான். அன்று ‘எடோ’ என்று பெயர் கொண்டிருந்த டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு மக்கள் நடந்து போன தொக்கைதோ பெருவழியில், இன்றைய ஷிசுவோகா நகருக்குப் பக்கத்தில் மரிக்கோ என்ற தங்கல். அங்கே சோஜியா என்ற கூரைவேய்ந்த கடை 1596இலிருந்து தொரொரோ சோறு போடுகிறது. ஓவியர் ஹிரோஷிகே அந்தப் பெருவழியின் 53 தங்கல்களை வரைந்தபோது, மரிக்கோவுக்கு அவர் வரைந்தது ஒரு தொரொரோ கடையைத்தான். நடந்து களைத்தவனுக்குத் தெம்பு தரும் உணவு என்று 400 ஆண்டுகளாக அதற்குப் பெயர். வெண்டைக்காயின் வழவழப்பை விரும்பிச் சாப்பிடும் நமக்கு இது ஒன்றும் எட்டாத ருசி இல்லை. உதட்டோரம் கொஞ்சம் அரிக்கலாம். சேனை பழகியவர்கள் அதற்கெல்லாம் அஞ்ச மாட்டார்கள்.

சிறுதானியத்திலும் உறவு தொடர்கிறது. ஜப்பானியர்களின் ‘அவா’ நம் தினையேதான். ‘ஹியே’ குதிரைவாலிக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ‘கிபி’ என்பது பனிவரகு; மலைக்காட்டில் விளையும் சாமையும் அதுவும் பேனிகம் என்ற ஒரே இனம். ஜப்பானியக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த கதை மொமொதாரோ. பீச் பழத்துக்குள்ளிருந்து பிறந்த பையன் அரக்கர்களை வெல்லப் போகும்போது நாய்க்கும் குரங்குக்கும் காட்டுக்கோழிக்கும் கொடுத்துத் துணை சேர்த்தது கிபி உருண்டைகளை. ஒகயாமா நிலையத்தில் அந்த உருண்டை இனிப்பு இன்றும் பெட்டி பெட்டியாக விற்கிறது. கதையைச் சொல்லிவிட்டு வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு இரட்டை ருசி.

பஜ்ஜிக்கும் மாசிக்கும் ஜப்பான் பெயர்

ஏற்காட்டு ஏரிக்கரைப் பஜ்ஜியின் ஜப்பானிய வடிவம் டெம்புரா. 16ஆம் நூற்றாண்டில் நாகசாகிக்கு வந்த போர்ச்சுக்கீசியர்கள் விட்டுச் சென்ற பொரிக்கும் வித்தை அது. கோவா வழியாக நமக்கு மிளகாயைத் தந்ததும் அவர்கள்தான். டெம்புராவுக்குக் கடலைமாவு இல்லை. கோதுமை மாவை ஐஸ் தண்ணீரில் அரைகுறையாகக் கலக்குவார்கள். கட்டி கட்டியாக நிற்க வேண்டும், அப்போதுதான் மொறுமொறுப்பு. டோக்கியோவின் பழைய கடைகளில் நல்லெண்ணெயில் பொரிப்பது மரபு. அந்த மணம் தெருமுனையிலேயே தமிழ் மூக்கைப் பிடித்து இழுக்கும். கத்தரிக்காய், பூசணி, சர்க்கரைவள்ளி, தாமரைக்கிழங்கு, ஷிசோ இலை என்று காய்கறி டெம்புரா எங்கும் உண்டு.

தொட்டுக்கொள்ளத் தரும் சாற்றில்தான் சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அதில் இருப்பது ‘தாஷி’. ஜப்பானியச் சமையலின் உயிர் அது. கொம்பு என்ற கடற்பாசியும் கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீனும் சேர்ந்த தெளிந்த சாறு. கொம்புவின் ருசியிலிருந்து 1908இல் வேதியியலாளர் கிகுனே இகேதா கண்டுபிடித்ததுதான் உமாமி. கட்சுவோபுஷி என்ன என்று கீழக்கரைக்காரரிடமோ யாழ்ப்பாணத்துக்காரரிடமோ காட்டினால் மறுபேச்சில்லாமல் “மாசி” என்பார். அதே சூரை மீன், அதே போல் அவித்து, புகையூட்டி, கட்டைபோல் காயவைத்தது. மாசிச் சம்பலில் இடித்துப் போடுவதை அங்கே இழைப்புளியில் சீவிக் கொதிநீரில் போடுகிறார்கள்.

மீன் சாப்பிடும் குடும்பத்துக்கு இது கொண்டாட்டம். சைவக் குடும்பத்துக்கு இதுதான் உண்மையான சிக்கல். மிசோ சூப்பிலும், நூடுல்ஸ் குழம்பிலும், முட்டை ஆம்லெட்டிலும், சாதுவாகத் தெரியும் கீரைப் பொரியலிலும் கூட மாசிச் சாறு இருக்கும். “இறைச்சி இல்லை” என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கும்; மீன் சாற்றை அவர் இறைச்சியாக எண்ணுவதில்லை. நிக்கு என்றால் இறைச்சி, சகானா மீன், தமாகோ முட்டை. இவற்றோடு தாஷி என்ற சொல்லையும் சேர்த்து ஒரு சீட்டில் ஜப்பானிய மொழியில் எழுதி வைத்துக்கொண்டு நீட்டுவது நல்லது. டெம்புராவைச் சாற்றுக்குப் பதில் உப்பில் தொட்டுச் சாப்பிடலாம். டோக்கியோ ரயில்நிலையத்துக்குள்ளேயே டி’ஸ் டான்டான் என்ற கடையில் இறைச்சியும் மீனும் முட்டையும் பாலும் இல்லாத ராமென் கிடைக்கிறது.

காரம் இல்லையே என்பவர்களுக்கு நாகனோ மலை நகரத்தில் விடை உண்டு. சென்கோஜி கோயில் வாசலில் யவதாயா இசொகொரோ கடை 1736இலிருந்து ‘ஷிச்சிமி’ விற்கிறது. மிளகாய், எள், இஞ்சி, காய்ந்த ஆரஞ்சுத் தோல் என்று ஏழு சரக்கு சேர்ந்த பொடி. பக்குவத்தில் நம் பொடிக்கும் அதற்கும் அதிகத் தூரமில்லை. அந்த ஊர்ப் பாப்பரை நூடுல்ஸான சொபாவின் மேல் தூவிக்கொள்ளலாம். ஊறுகாய் பாட்டிலைத் தேட வேண்டியிருக்காது. சொபா சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். முதன்முறை சாப்பிடும் பிள்ளைகளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பதே சரி.

சோற்றின் மேல் சின்னக் கொடி

குழந்தைகளோடு சாப்பிடப் போகிறவர்களை ஜப்பான் ஒருபோதும் சங்கடப்படுத்துவதில்லை. டோக்கியோ நிஹோன்பாஷி மிட்சுகோஷி கடையின் உணவகம் 1930இல் குழந்தைகளுக்கென்றே ஒரு தட்டுச் சாப்பாடு போட்டது. ஃபூஜி மலைபோல் குவித்த சோறு, உச்சியில் ஒரு சின்னக் கொடி. ‘ஒகொசாமா லன்ச்’ என்ற அந்தத் தட்டு இன்று நாடு முழுக்கக் குடும்ப உணவகங்களில் கிடைக்கிறது.

மொழி தெரியாவிட்டாலும் பசி நிற்காது. கடை வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு உணவும் மெழுகிலோ பிளாஸ்டிக்கிலோ அச்சு அசலாக நிற்கும். குஜோ ஹச்சிமான் ஊரில் பிறந்த இவாசாகி தகிசோ 1932இல் இதை ஒரு தொழிலாகவே தொடங்கினார். பாட்டி விரல் நீட்டினால் போதும், அது வந்துவிடும். சுஷி தட்டுகள் நாடாவில் ஓடிவரும் கடையை 1958இல் ஒசாகா பக்கம் திறந்தவர் ஷிராயிஷி யோஷியாகி. பீர் தொழிற்சாலையில் புட்டிகள் நகர்ந்து வந்ததைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது. அங்கே பச்சை மீன் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். வெள்ளரி உருட்டல், இனிப்பு முட்டை, சோளம், புட்டிங் எல்லாம் சுற்றி வரும். அதே 1958இல் மொமொஃபுகு ஆண்டோ கண்ட உடனடி நூடுல்ஸுக்கு ஒசாகா பக்கத்து இகேதாவிலும் யோகொஹாமாவிலும் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகள் கப்பின் மேல் படம் வரைந்து, வேண்டியதைப் போட்டு, தங்கள் சொந்த நூடுல்ஸைக் கட்டி எடுத்துவரலாம்.

நாள் முழுக்க நடந்து, பிள்ளைகள் எதையும் தொட மறுக்கும் இரவுகளில் கைகொடுப்பது ஜப்பானியக் கறி சோறு. கொழகொழவென்று, இனிப்பு கலந்த குழம்பு. அந்த நாட்டுக்கு மசாலாக் குழம்பு பிரிட்டிஷார் வழியாகப் போனது. நம் ஊர் முறைக் குழம்பை டோக்கியோவில் அறிமுகப்படுத்தியவர் பிரிட்டிஷ் அரசிடமிருந்து தப்பி அங்கே அடைக்கலம் புகுந்த ராஷ் பிஹாரி போஸ். 1927இல் ஷின்ஜுகுவின் நாகமுராயா அதைப் பரிமாறத் தொடங்கியது, இன்றும் பரிமாறுகிறது. கின்சாவில் 1949இல் ஏ. எம். நாயர் திறந்த உணவகமும் நிற்கிறது. விடுதலைப் போரின் இரண்டு பெயர்கள் டோக்கியோவின் சாப்பாட்டு மேசையில் இப்படி வாழ்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே சாப்பிடலாம்.

காஞ்சியிலிருந்து இரண்டு மலைகள்

சைவக் குடும்பம் ஒரே ஓர் இரவு மட்டும் ஜப்பானியச் சாப்பாடு சாப்பிட முடியும் என்றால், அந்த இரவை கோயா மலையில் கழிக்க வேண்டும். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ரயில். கடைசியில் செங்குத்தான கம்பிவட ரயிலில் ஐந்து நிமிடம். 800 மீட்டர் உயரத்தில், வானுயர்ந்த சேடார் மரங்களுக்கு நடுவே 117 கோயில்கள். குகாய் என்ற துறவி 816இல் தொடங்கிய தலம். ஐம்பது கோயில்கள் வரை பயணிகளைத் தங்கவைத்துச் சோறு போடுகின்றன.

மாலை ஆறு மணிக்குள் தாழ்ந்த அரக்குப் பலகைகளில் உணவு வரும். எள்ளை அரைத்துக் கூழாக்கி உறையவைத்த எள் தோஃபு. குளிரில் வெளியே வைத்த தோஃபு உறைந்துபோனதில் பிறந்ததாகச் சொல்லப்படும் கோயா தோஃபு, பஞ்சுபோல் சாற்றை உறிஞ்சியிருக்கும். காய்கறி டெம்புரா, ஊறுகாய், சோறு, சூப். சாறு கொம்புவிலும் காளானிலும் எடுத்தது, மாசி கிடையாது. வெங்காயமும் பூண்டும் கிடையாது. கோயில் மடைப்பள்ளிச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுத்தம் உடனே புரிந்துவிடும்.

மலையின் உட்கோடியில் ஒகுனொயின். குகாய் இறக்கவில்லை, அங்கே தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. நாள்தோறும் காலை ஆறு மணிக்கும் பத்தரை மணிக்கும் அவருக்குச் சமைத்த உணவை மரப்பெட்டியில் வைத்துத் துறவிகள் சுமந்து போகிறார்கள். நைவேத்தியம் என்ற சொல் தெரிந்த குழந்தைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குகாய் நிறுவிய ஷிங்கோன் மரபின் ஆதி குருமார் வரிசையில் வஜ்ரபோதி என்ற தென்னிந்தியர் இருக்கிறார். காஞ்சியின் பல்லவ அரசவையோடு தொடர்புடையவர். இலங்கை வழியாகக் கடல் கடந்து 720 வாக்கில் சீனா சேர்ந்தார். சேர்வராயன் மலையின் மலையாளி மக்களும் தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறி வந்ததாகவே சொல்கிறார்கள். ஒரே ஊரிலிருந்து ஒரு பாதை ஏற்காட்டுக்கும், இன்னொன்று நெடுந்தூரம் சுற்றி கோயாவுக்கும் போயிருக்கிறது.

இந்த உறவைத் தேடி எதிர்த்திசையிலிருந்தும் ஒருவர் வந்தார். மொழியியலாளர் சுசுமு ஓனோ, 1980களின் தொடக்கத்தில் சென்னையில் தங்கித் தமிழ் கற்றவர். பேராசிரியர் பொற்கோவோடு சேர்ந்து ஆய்ந்தவர். தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்ற அவர் முடிவைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் அவர் காட்டிய ஒரு சாப்பாட்டுப் பொருத்தம் மனதை விட்டுப் போகாது. நாம் பொங்கல் வைக்கும் நாட்களில், ஜனவரி 15இல், ஜப்பானியக் கிராமங்கள் ‘சின்னப் புத்தாண்டு’ என்று அரிசியோடு சிவப்புப் பயறு சேர்த்துக் கஞ்சி வைக்கின்றன. அந்தப் பயறு நம் பாசிப்பயறுக்குச் சொந்தம். அதை வேகவைத்து இனிப்புப் பூரணமாக்கி, இடித்த அரிசிமாவுக்குள் வைத்தால் அவர்களுக்கு தைஃபுக்கு, நமக்குக் கொழுக்கட்டை.

ஏற்காட்டின் தட்டில் எது?

இவ்வளவையும் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பத்துக்கு ஏற்காடு கொஞ்சம் உறுத்தும். ஜப்பானில் ஒவ்வோர் ஊருக்கும் ‘மெய்புட்சு’ உண்டு. அந்த ஊரின் பெயர் சொல்லும் பண்டம். அதைச் சாப்பிடாமல் யாரும் ஊரைக் கடப்பதில்லை. குன்மாவுக்குக் கொன்யாக்கு, மரிக்கோவுக்குத் தொரொரோ, கோயாவுக்கு எள் தோஃபு. எல்லாமே ஏழை மலைக்காரர்களின் பண்டங்கள்தான். வெட்கப்பட்டு மறைக்காமல் வாசலில் வைத்துப் பெருமையோடு விற்கிறார்கள்.

ஏற்காட்டில் கோடை விழாவுக்கு வரும் கூட்டம் ஏரியைச் சுற்றிச் சாப்பிடுவது ஃபிரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும் பரோட்டாவும். காபியும் மிளகும் பொட்டலமாகக் கிடைக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் மலையின் சோறு? சாமைச் சோறு, ராகிக் களி, சுட்ட வள்ளிக்கிழங்கு ஆகியவற்றைக் குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் ஊரெல்லாம் விசாரிக்க வேண்டும். உச்சியில் சேர்வராயன் கோயில் குகைக்கு மே மாதத் திருவிழாவில் 67 கிராமத்து மலையாளி மக்கள் கூடுகிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்பு அறிந்த ருசி, கீழே ஏரிக்கரை வரை இறங்கி வரவே இல்லை. அந்த மக்களின் கையாலேயே, அவர்களுக்கே வருமானம் போகும் விதத்தில், ஏரிக்கரையில் ஓர் அடுப்பு எரிய வேண்டும். அடிவாரத்தில் வண்டிகள் இளைப்பாறும் இடத்தில் இன்னொன்று. யொகொகாவாவில் நடந்தது இவ்வளவுதான்: ஒரு கடைக்காரப் பெண் வண்டியில் இருந்தவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.

யொகொகாவாவின் அந்த மண்சட்டியைப் பலர் திருப்பிக் கொடுப்பதில்லை. சாப்பிட்டுக் கழுவி வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். பூச்செடி வைக்கிறவர்கள் உண்டு, ஊறுகாய் போடுகிறவர்கள் உண்டு. அடுப்பில் ஏற்றினால் ஒரு ‘கோ’ அரிசி சரியாக வேகும்; ஏறத்தாழ நம் ஆழாக்கு. சேலத்துக்குக் கொண்டுவந்தால் சாமையும் வேகும்.